டீச்சர், ‘ஞ’ எங்கே?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் 22 வருடம் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். வயது 46. கம்பெனியில் வெட்ட அளவு காட்டும் அட்டை பேட்டர்ன் போய் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. மாலையில் கேட் (CAD) வகுப்புக்குப் போகிறேன், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைவது. சொல்லித்தரும் பெண்ணுக்கு என் மகள் வயது. புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். இந்த வயதில் ஏறுமா? விட்டுவிடலாமா?

சு.

அன்புள்ள சு.,

ஏறும். வயதைப் பற்றி அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. தலையாட்டிவிட்டு வருகிறேன் என்றீர்களே, அதுதான் என்னைத் தைத்தது. போன வாரம்தான் பரணிலிருந்து அப்பாவின் கம்போசிங் ஸ்டிக்கை, அதாவது ஈய எழுத்துகளை வரிசையாகக் கோக்கும் கைத்தட்டை, எடுத்துத் துடைத்தேன்.

அப்பா அச்சுக்கோப்பவர். எழுத்துக்கு ஓர் அறை என்று பிரித்த மரப்பெட்டிதான் கேஸ்; அதைப் பார்க்காமலே ஈய எழுத்தைப் பொறுக்குவார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. துதிக்கை வைத்த பழைய ‘லை’ ஒரே அச்சு. அது போய்க் கொம்பு தனி, ‘ல’ தனி என்று ஆயிற்று. பல மாதம் கை அந்தப் பழைய அறைக்கே போய்த் திரும்பியதாம்.

1993-இல் அச்சகத்துக்கு டிடிபி வந்தது, கம்ப்யூட்டரிலேயே டைப் செய்து பக்கம் அமைப்பது. “டைப்பிங் கத்துக்கோ, இல்லேன்னா பார்சல் கட்டு” என்றார் முதலாளி. 49 வயதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தார் அப்பா. டீச்சருக்கு இருபத்திரண்டு இருக்கும். பக்கத்து மெஷினில் நான். முதல் நாளே கையைத் தூக்கி, “டீச்சர், ‘ஞ’ எங்கே?” என்றார். பையன்கள் சிரித்தார்கள். மறுநாளும் அதையே கேட்டார். வீட்டுக்கு வந்து அவரோடு சண்டை போட்டேன். “அந்தப் பொண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கேக்காம வர்றதுக்கா பணம் கட்டினேன்?” என்றார். அன்று நான் பேசிய பேச்சு இன்னும் என்னை உறுத்துகிறது.

நீங்கள் தலையாட்டுவது அடக்கமில்லை, பொய். புரிந்துவிட்டது என்று நம்பி அந்தப் பெண் அடுத்த பாடத்துக்குப் போகிறாள். உங்களிடம் வேலை பழகிய பையன் இப்படித் தலையாட்டிவிட்டு வெட்டுவதற்கு அடுக்கி விரித்த ஒரு லே துணியைப் பாழாக்கியிருந்தால் சும்மா விட்டிருப்பீர்களா? எந்தத் துணி துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று உங்கள் விரலுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் நீங்கள் கொடுக்கும் அளவைத்தான் போடும். அதை அந்தப் பெண் உங்களிடம் கேட்க வேண்டாமா?

மூன்றாம் வாரம் டீச்சர் மேஜையில் யாருடையதோ கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் கிடந்தது. அப்பா எதிர்ப்பக்கம் நின்றபடி, அச்சுக்கோத்த பழக்கத்தில் தலைகீழாகவே படித்து, மாப்பிள்ளை பெயரில் விட்டுப்போன புள்ளியைத் தொட்டுக் காட்டினார். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

வகுப்பில் எது புரியவில்லை என்று எனக்குக்கூட நீங்கள் எழுதவில்லை. நாளை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.