முன்கை கல்லாகிறது, விரல் வலிக்கிறது: பாறையேற்றப் பயிற்சியில் எங்கே பிசகு?

கேள்வி: வயது 36, எடை 84 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ஜிம் அலுத்துப்போய், உள்ளரங்கச் செயற்கைச் சுவரில் பாறையேற்றம் பழகுகிறேன். ஆறு வாரமாக, வாரத்துக்கு 4 நாள். இருபதே நிமிடத்தில் முன்கை கல்லாக இறுகிவிடுகிறது. இரண்டு நாளாக மோதிர விரலின் அடியில் லேசான வலி. எடையும் குறையவில்லை. ஒரு புல்-அப்கூட எடுக்க வராத எனக்கு இது ஒத்துவருமா?

பதில்: புல்-அப்பை விட்டுத்தள்ளுங்கள். ஏணியில் ஏறும்போது யாரும் கையால் உடம்பைத் தூக்குவதில்லை. காலால் மிதித்து எழுகிறோம், கை சாயாமல் பிடித்துக்கொள்கிறது. ஆரம்பநிலைச் சுவரும் அப்படித்தான். கவனிக்க வேண்டியது அந்த விரல் வலியை.

விரலை மடக்கும் தசைநாண் எலும்பை ஒட்டியே ஓடும்படி சிறு பட்டைகள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. தூண்டில் கோலில் நூல் ஓடும் வளையங்களை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை ஒட்டிய முதல் விரலெலும்பில் உள்ள பட்டைதான் ஏறுபவர்களுக்கு அதிகம் காயப்படுவது. அதிலும் மோதிர விரலிலும் நடுவிரலிலும். தசை சில வாரங்களில் வலுவாகிவிடும். நாணும் பட்டையும் தேற மாதக்கணக்கில் ஆகும். 'இப்போது நன்றாக ஏறவருகிறதே' என்று தோன்றும் இந்தக் கட்டத்தில்தான் பட்டை நைகிறது.

மெல்லிய விளிம்பை, விரலின் நடுமூட்டை உயர்த்தி நுனிமூட்டைப் பின்னுக்கு வளைத்துப் பிடிப்பதற்கு கிரிம்ப் என்று பெயர். அதில் அந்தப் பட்டைமேல் விழும் விசை மிக அதிகம். விரல்களை நீட்டினாற்போல வைத்துப் பிடிப்பதே உங்களுக்கு இப்போது சரி. இரண்டு வாரம் சுவரை விட்டு விலகியிருங்கள். அழுத்தினால் வலியில்லை என்றான பிறகு, பெரிய பிடிகளில் மட்டும் திரும்பத் தொடங்குங்கள். 'டப்' என்ற சத்தம் கேட்டிருந்தாலோ, வீக்கம் இருந்தாலோ, விரல் முழுதாக மடங்காவிட்டாலோ காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். விரல் பலகையில் (விரல் நுனிகளால் பிடித்துத் தொங்குவதற்கான விளிம்புகள் கொண்ட பலகை) தொங்கும் பயிற்சி முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம்.

முன்கை இறுகுவது வேறு கதை. விடாமல் இறுக்கிப் பிடிக்கும்போது தசையே ரத்தக்குழாய்களை நெரித்துவிடுகிறது. கழிவு வெளியேற வழியில்லை. பலம் போதாமல் இது வருவதைவிட, பயத்தில் தேவைக்கு இருமடங்கு இறுக்குவதால் வருவதுதான் அதிகம். அடுத்த முறை பிடியில் நிற்கும்போது முழங்கையைப் பாருங்கள். மடங்கியிருந்தால் சும்மா நிற்பதற்கே தசையைச் செலவழிக்கிறீர்கள். கையை நீட்டி, முழங்காலை மடக்கி, இடுப்பைச் சுவரோடு ஒட்டுங்கள். எடை காலுக்கு இறங்கிவிடும். காலின் நடுப்பகுதியை வைக்காமல் பெருவிரல் முனையை வையுங்கள், அப்போதுதான் பாதம் திரும்பும். சுலபமான தடம் ஒன்றைக் கால் வைக்கும் சத்தமே கேட்காமல் ஏறிப் பாருங்கள். சத்தம் வந்தால் அந்த அடியை மறுபடி வையுங்கள். எரிச்சலூட்டும் பயிற்சிதான், ஆனால் கையின் சுமையை இதுபோலக் குறைப்பது வேறில்லை.

வாரம் 2 நாள், நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி. ஒருநாள் பயிற்சி 75 முதல் 90 நிமிடம். முதல் 15 நிமிடம் தோள், மணிக்கட்டு, விரல்களைச் சூடாக்கி, மிகச் சுலபமான தடங்கள். அடுத்த 25 நிமிடம் மேற்சொன்ன கால் பயிற்சி. பிறகு, கொஞ்சம் கஷ்டமான தடங்கள் நான்கு. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே 3 நிமிடம் முழு ஓய்வு. பிடி நழுவ ஆரம்பித்தால் அன்றைக்கு முடிந்தது. ஏறுவது முழுக்க இழுக்கும் வேலை என்பதால் தோள் முன்பக்கம் கூன ஆரம்பிக்கும். அதற்கு ஈடாக 3 சுற்று புஷ்-அப், சுற்றுக்கு 8 முதல் 12. வராவிட்டால் முழங்கால் ஊன்றிச் செய்யலாம்.

எடைக்கு வருவோம். ஒன்றரை மணி நேரத்தில் நீங்கள் உண்மையில் சுவரில் இருப்பது பாதி நேரம்கூட இருக்காது, மீதி ஓய்வு. முதுகு, வயிறு, பிடிபலம், சமநிலை எல்லாம் நன்றாகத் தேறும். கொழுப்பை மட்டும் இதை நம்பிக் கரைக்க முடியாது. ஏறாத நாட்களில் 40 நிமிடம் வேக நடை சேருங்கள். பட்டினி கிடந்து ஏறாதீர்கள், காயம் ஆறுவதும் தாமதமாகும்.

கயிறில்லாத போல்டரிங் சுவர் என்றால், உச்சியிலிருந்து குதிக்காமல் முடிந்தவரை இறங்கி வாருங்கள். விழ நேர்ந்தால் இரு பாதமும் சேர்ந்து ஊன்றி, முழங்கால் மடிந்து, முதுகில் உருளுங்கள். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். மோதிரத்தைக் கழற்றிவிட்டே ஏறுங்கள். ரத்த அழுத்தம் உண்டென்றால் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்: இறுக்கிப் பிடித்து மூச்சை அடக்கும் அந்தச் சில நொடிகளில் அழுத்தம் சட்டென ஏறும்.