பிஹெச்டி பண்ணினா நல்ல தெரபிஸ்ட் ஆயிடலாமா?

வணக்கம் அக்கா,
கிளினிக்கல் சைக்காலஜில எம்ஃபில் முடிச்சுட்டு திருச்சில ஒரு ஆஸ்பத்திரில வேலை பாக்குறேன். பிஹெச்டி பண்ணு, பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாம்னு அப்பா சொல்றாரு. எனக்கு பேர் பெருசில்ல. அஞ்சு வருஷம் தீசிஸ்ல போச்சுன்னா அதுக்கப்புறம் இன்னும் நல்லா தெரபி பண்ணுவேனா, இல்ல அந்த நேரத்துக்கு பேஷன்ட்டையே பாத்துட்டுப் போயிடலாமா?
ஒரு வாசகி

வணக்கம்மா,

முதல்ல அப்பாகிட்ட சொல்லிடு, டாக்டர்னு போர்டு மாட்டினாலும் மாத்திரை எழுத முடியாது, அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை. ஆர்சிஐ, அதான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா வேலை பாக்க பேரைப் பதிவு பண்ற மத்திய அரசு கவுன்சில், அந்த ரிஜிஸ்ட்ரேஷனும் உனக்கு எம்ஃபில்லுக்குத்தான் வந்திருக்கும், சும்மா பிஹெச்டி மட்டும் வெச்சிருந்தா கிடைக்காது. அமெரிக்கால கதை வேற. 1949ல கொலராடோல போல்டர்ங்கற ஊர்ல சைக்காலஜிஸ்ட்டுங்க கூடிப் பேசி, ஆராய்ச்சி சிகிச்சை ரெண்டையும் ஒரே ஆள் கத்துக்கணும்னு முடிவு பண்ணாங்க, அதனால அங்க பிஹெச்டிக்குள்ளயே ஒரு வருஷ இன்டர்ன்ஷிப் வந்துடும். இங்க உனக்குக் கை பழகினது எம்ஃபில்ல, சீனியர் பக்கத்துல உக்காந்து திட்டு வாங்கி. பிஹெச்டி பெரும்பாலும் ஆராய்ச்சிதான்.

அப்ப எதுக்குத்தான் பண்றதுன்னு கேப்ப. என் கணிப்பு மேல எனக்கே ஒரு சந்தேகம் வரணும், அந்தப் பழக்கம் பிஹெச்டில வரும், நான் கண்ட வரைக்கும் அவ்ளோதான். 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு, அமெரிக்கால ஒரு யுனிவர்சிட்டி கவுன்சலிங் சென்டர்ல தெரபிஸ்ட்டுங்ககிட்ட உங்ககிட்ட வர்றவங்கள்ல யாருக்கு மோசமாகும்னு கேட்டாங்க, 550 பேர்ல 3 பேரைச் சொன்னாங்க, கடைசில 40 பேருக்கு மோசமாச்சு, சொன்ன 3ல சரியா இருந்தது 1. இத்தனைக்கும் எல்லாரும் படிச்சவங்கதான். நம்ம முன்னாடி உக்காந்திருக்கிறவர் "இப்ப பரவால்ல மேடம், நல்லா தூங்குறேன்"னு சிரிப்பாரு, நமக்கும் சந்தோஷமா இருக்கும், ஆனா வெளிய உக்காந்து நிரப்பின பிஹெச்க்யூ-9ங்கற மனச்சோர்வு கேள்வி ஃபார்ம்ல 9வது கேள்விக்கு, அதான் செத்துடலாம்னு தோணுதான்னு கேக்குற அந்தக் கேள்விக்கு, "சில நாட்கள்"னு டிக் போட்டிருப்பாரு. வாயால சொல்ல மாட்டாங்க, பேப்பர்ல சொல்லிடுவாங்க. அந்த ஃபார்மை ஃபைல்ல சொருகிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடாம எடுத்துப் படிக்கணும்ல, எண்களோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டினவங்களுக்கு அது தன்னால வந்துடும். பிஹெச்டி இல்லாமலும் வரும், ஆனா ஆஸ்பத்திரி ஓபி கூட்டத்துல அதை யாரும் உக்காந்து சொல்லித்தர மாட்டாங்க.

இன்னொண்ணு, தீசிஸுக்காக தெரபி டேப்பை வரிவரியா எழுதினா காது மாறிடும். பேசிட்டிருந்த பேஷன்ட் ரெண்டு செகண்ட் நிறுத்தினா போதும், தெரபிஸ்ட் உள்ள புகுந்து அட்வைஸ் கொடுத்துடுவாரு, பேஷன்ட் சொல்ல வந்தது அங்கயே நின்னுடும். நேர்ல உக்காந்திருக்கும்போது இது காதுலயே விழாது. இதெல்லாம் ஆனா எந்த தீசிஸ்ங்கறதைப் பொறுத்தது, காலேஜ் பசங்ககிட்ட கூகுள் ஃபார்ம் அனுப்பி ஸ்ட்ரெஸ்ஸுக்கும் செல்ஃப் எஸ்டீமுக்கும் கோரிலேஷன் போட்டு டாக்டர் ஆனவங்க நம்ம ஊர்ல கொட்டிக் கிடக்காங்க, அதுல தெரபிக்கு ஒரு மண்ணும் வராது (கோவிச்சுக்கிறவங்க கோவிச்சுக்கட்டும்).

அதனால டாபிக்கை விட கைடைப் பாரு, இன்னும் பேஷன்ட் பாக்குறவங்களா இருக்கணும். சேர்ந்தாலும் வாரத்துல ரெண்டு நாளாவது ஓபியை விடாத, பார்ட் டைம் கிடைச்சா இன்னும் நல்லது. அப்படி ஒரு கைடு அமையலன்னா இப்போதைக்கு வேண்டாம், அந்தக் காசுல மாசாமாசம் ஒரு நல்ல சீனியர்கிட்ட சூப்பர்விஷன் எடு, அதான் நீ பாக்குற கேஸ்களைப் பத்திப் பேசித் திருத்திக்கிறது.