பேப்பரை விட்டுவிட்டுக் கால்மிதியில் போகும் பொமரேனியன்

மூன்று மாதக் குட்டி, மூன்றாவது மாடி வீடு, பேப்பர் விரித்தும் கால்மிதியில்தான் சிறுநீர் போகிறது என்கிறீர்கள். அது வீம்பு இல்லை. காலுக்கு மெத்தென்று இருக்கும் இடத்தைக் குட்டிகள் தேடும். முதலில் எல்லாக் கால்மிதிகளையும் எடுத்து உள்ளே வையுங்கள்.

சின்ன இனத்துக்குச் சிறுநீர்ப்பையும் சின்னது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அப்புறம் தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் பால்கனியில் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நடத்திக் கூட்டிப் போனால் பாதி வழியிலேயே முடித்துவிடும்! எங்கள் வீட்டுக் குட்டி மூக்கைத் தரையில் ஒட்டி இரண்டு வட்டம் போடும். மூன்றாவது வட்டத்துக்குள் தூக்கிவிட வேண்டும். போய் முடித்த அந்த நொடியே ஒரு துணுக்குக் கோழிக்கறி கொடுங்கள். உள்ளே வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது.

போன இடத்தைத் துடைக்கும் பினாயில் வாசனை நமக்குத்தான்; குட்டியின் மூக்குக்குப் பழைய வாடை அப்படியே இருக்கும். நாய்ச் சிறுநீருக்கென்றே விற்கும் என்சைம் கிளீனர் வாங்குங்கள். அதன் மூக்கை அந்த ஈரத்தில் தேய்ப்பது, அடிப்பது வேண்டாம், ஒளிந்து போகப் பழகிவிடும். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள், தொற்றாக இருக்கலாம்.