லினக்ஸில் ஓடும் திட்டம் விண்டோஸில் இறங்க மறுப்பது ஏன்?

கேள்வி: ஓராண்டாக லினக்ஸில் சிக்கலின்றி ஓடும் எங்கள் மென்பொருள் திட்டத்தை, புதிதாகச் சேர்ந்தவரின் விண்டோஸ் மடிக்கணினியில் கிட் (Git, நிரல் கோப்புகளின் பதிப்புகளைக் காத்துப் பகிரும் கருவி) மூலம் இறக்கினால், ‘ஃபைல்நேம் டூ லாங்’ என்று பாதியில் நின்றுவிடுகிறது. ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து, நீளமான பாதைகளைச் சரிசெய்யும் மென்பொருள் ஒன்றையும் வாங்கிப் போட வேண்டும் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். அந்த ஹார்டு டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை. விண்டோஸ் நிரல்கள் பழைய வழக்கப்படி, ‘சி:’ என்பதில் தொடங்கிக் கோப்பின் பெயர் முடியும் வரையிலான முழுப் பாதையையும் 260 எழுத்துகளுக்குள் அடக்கப் பார்க்கின்றன. லினக்ஸ் பொதுவாக 4,096 பைட் வரை இடம் தருகிறது. புதிதாகச் சேர்ந்தவர் டாக்குமெண்ட்ஸுக்குள் ஒரு கோப்புறை, அதற்குள் இன்னொன்று என்று வைத்திருந்தால், திட்டத்தின் முதல் கோப்பு வருவதற்கு முன்பே அறுபது எழுபது எழுத்துகள் செலவாகியிருக்கும்.

முதலில், வேறு எந்தக் கோப்புறைக்குள்ளும் போகாமல் சி டிரைவின் வேரிலேயே இரண்டு மூன்று எழுத்தில் ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் திட்டத்தை இறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு இதுவே போதும். அப்படியும் நின்றால், கிட்டின் ‘கோர்.லாங்பாத்ஸ்’ (core.longpaths) அமைப்பை ‘ட்ரூ’ என மாற்றச் சொல்லுங்கள். பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தால், ‘குளோன்’ (திட்டத்தின் நகலைக் கொண்டுவருவது) முடிந்தது, ‘செக்அவுட்’ (அதிலிருந்து கோப்புகளை எடுத்து வைப்பது) மட்டுமே தவறியது என்று அதிலேயே எழுதியிருப்பதைக் காணலாம். ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கத் தேவையில்லை, அமைப்பை மாற்றியபின் கிட்டின் ‘ரீஸ்டோர்’ (restore) கட்டளை கொடுத்தால் விடுபட்ட கோப்புகள் வந்துவிடும்.

விண்டோஸ் 10-இல் 2016 முதல் இந்த வரம்பைத் தளர்த்தும் வசதி இருக்கிறது. ஆனால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘லாங்பாத்ஸ்எனேபிள்டு’ (LongPathsEnabled) என்பதை 1 ஆக்கினால் மட்டும் போதாது. நீளமான பாதை தனக்குச் சம்மதம் என்று ஒவ்வொரு நிரலும் தனித்தனியே அறிவித்திருக்கவும் வேண்டும். கிட் இறக்கிவைத்த கோப்பைக் கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) திறக்க முடியாமல் திணறுவது இதனால்தான். ஒரேயொரு எண்ணை மாற்ற நிர்வாகி உரிமை கேட்கும் இந்த ஏற்பாட்டை அலுவலகக் கணினியில் செய்ய, ஐடி பிரிவுக்கு டிக்கெட் (கோரிக்கை) போட்டுவிட்டு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பது எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுகிறது.

இந்த எரிச்சலைத்தான் சிலர் காசாக்குகிறார்கள். ‘பாதை சரிசெய்யும்’ கருவி என்று விற்கப்படுபவற்றில் நான் பிரித்துப் பார்த்த ஒன்று, மேலே சொன்ன அந்த எண்ணை 1 ஆக்கியதைத் தவிர வேறெதையும் செய்யவில்லை. அதற்கு ஆண்டுச் சந்தா வேறு! ஃபார்மட் யோசனை இதைவிட மோசமானது. மறுபடி நிறுவிய விண்டோஸிலும் அதே 260 காத்திருக்கும். கூலி கடைக்காரருக்கு, போன கோப்புகள் உங்களுக்கு.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சிக்கல் எதிர்த்திசையிலும் வரும். ஒரு தனிப் பெயருக்கு விண்டோஸ் 255 எழுத்துக்குறிகள் வரை அனுமதிக்கிறது. லினக்ஸில் அதே 255 பைட்டுகளாக எண்ணப்படுகிறது. யுனிகோடு தமிழ்க்குறி ஒவ்வொன்றும் அங்கே மூன்று பைட்டுகள் பிடிக்கும். ‘கொள்முதல்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து; புள்ளியும் கொம்பும் காலும் சேர்த்து விண்டோஸுக்கு ஒன்பது குறி; லினக்ஸுக்கு 27 பைட். அதாவது, 85 தமிழ்க்குறிகளைத் தாண்டிய பெயர் லினக்ஸில் உருவாகவே உருவாகாது. விண்டோஸில் ஒருவர் ‘கொள்முதல் விவரங்கள் இறுதித் திருத்தம்’ என்று தொடங்கி மாதம், கிளை, துறை எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதி அனுப்பினால், உங்கள் லினக்ஸ் கணினியிலும் ‘ஃபைல்நேம் டூ லாங்’ என்றே வரும். அப்போது பாதையைச் சுருக்கிப் பயனில்லை. அனுப்பியவரே பெயரைச் சுருக்கி மறுபடி ஏற்ற வேண்டும்.