யானை பார்க்க நைரோபிக்கா?

கேள்வி: மகன் நைரோபியில் வேலை செய்கிறான். வந்தால் ஒருநாள் சபாரி கூட்டிப்போவதாகச் சொல்கிறான். ஆபிரிக்க யானையைப் பார்க்கலாமா?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: யானை வெடி கொளுத்தி வாழையைக் காப்பாற்றுகிற ஊரிலிருந்து இப்படியொரு ஆசையா, அக்கா! நகரை ஒட்டிய நைரோபி தேசியப் பூங்காவில் சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் உண்டு. காட்டு யானை மட்டும் இல்லை. 117 சதுர கிலோமீற்றர்தான், யானைக்குக் காணாது. யானைதான் வேண்டுமென்றால் கிளிமஞ்சாரோப் பக்கம் அம்பொசெலிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஒரே நாளில் போய்வரலாம், ஆனால் பாதிநாள் வாகனத்திலேயே கழியும். முழங்கால் நோவென்றால் யோசியுங்கள். அங்கே பெட்டை யானைக்கும் தந்தம் இருக்கும். நம்முடைய காட்டில் ஒரு கொம்பனைக் கண்டாலே ஊரெல்லாம் அதுதான் கதை.

எந்தப் பூங்காவானாலும் விடிய 6 மணிக்கே உள்ளே நில்லுங்கள். வெயில் ஏறினால் சிங்கம் நிழலில் படுத்துவிடும். சுவெற்றர் கட்டாயம். ஆபிரிக்கா என்றாலே வெக்கை என்று நம்பிப்போய் நடுங்கினவன் நான். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்கு 10 நாளுக்கு முன்பாவது போட்டுவிடுங்கள். அந்த அட்டையைத் தொலைக்க வேண்டாம், திரும்பும்போது கட்டுநாயக்காவில் கேட்பார்கள்.