காலு வத்திருச்சு, ஆனா தோலு சுருங்கி தொங்குதே, சரிதானா?

சுங்கை சிப்புட்லேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு 58 வயசு, சின்ன வயசுலேருந்து எஸ்டேட்ல பால் மரம் (ரப்பர்) வெட்டுனவங்க. கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு இடது காலு தொடையிலேருந்து வீங்க ஆரம்பிச்சுச்சு. இப்ப மூணு வாரமா ஈப்போவுக்கு போயி பிசியோகிட்ட அடுக்கு அடுக்கா பேண்டேஜ் கட்டிக்கிறாங்க. காலு நல்லா இளைச்சிருச்சு, ஆனா தோலு பழைய பலூன் மாதிரி சுருங்கிப் போச்சு, செதில் செதிலா உதிருது, முன்னாடி கல்லு மாதிரி இருந்த எடத்துல இப்ப விரல வச்சா குழி விழுது, கணுக்காலுக்கு மேல மட்டும் இன்னும் கட்டியா இருக்கு. அம்மா பயந்துபோயி பேண்டேஜ் வேணாம்னு சொல்றாங்களாம், பக்கத்து வீட்டு அக்கா வேற மின்யாக் ஆங்கின் (வலித் தைலம்) போட்டு நல்லா அழுத்தி உருவி விட்டா சரியாயிரும்னு சொல்லியிருக்காங்க.

தங்கச்சி, இது நிணநீர் (திசுவுலேருந்து வடிஞ்சு திரும்ப ரத்தத்துல சேர்ற தண்ணி) தேங்கி வர்ற வீக்கம், லிம்ஃபெடிமான்னு சொல்வாங்க. பேண்டேஜ நிறுத்தாதீங்க. நீங்க எழுதுன சுருக்கம், செதில், குழி மூணுமே ட்ரீட்மெண்ட் வேலை செய்யுதுங்கறதுக்கு அடையாளம்தான். கணுக்கால் கட்டி மட்டும் கொஞ்சம் நாள் எடுக்கும், அதைப் பத்தி கீழ சொல்றேன்.

அம்மாவுக்கு இப்படி சொல்லி பாருங்க, பால் மரம் வெட்டுனவங்களுக்கு சட்டுனு புரியும். மங்குல (மரத்துல பால் புடிக்கிற கிண்ணம்) விழுந்த பால அன்னைக்கே எடுத்துட்டா தண்ணியா ஊத்தலாம், எடுக்காம விட்டா மறுநாள் கட்டியாயிரும்ல, காலுக்குள்ள நடக்குறதும் கிட்டத்தட்ட அதுதான் (அப்படியே அதேதான்னு எடுத்துக்காதீங்க, நிணநீர் ரப்பர் பாலாட்டம் உறையாது). இடுப்புக்குள்ள இருக்குற நிணநீர் முடிச்சுங்கள ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க, மிச்சம் இருந்தது ரேடியேஷன்ல தழும்பாயிருச்சு, அதனால கால்லேருந்து மேல போக வேண்டிய புரதம் நிறைஞ்ச தண்ணி அங்கயே தேங்குது. தேங்குன எடத்துல உடம்பு சும்மா இருக்காது, லேசா அழற்சி வந்துகிட்டே இருக்கும், அந்த அழற்சிதான் நாரு நாரா திசுவ வளர்க்குது, கூடவே கொழுப்பையும் சேர்க்குது. மேல்தோலும் தடிச்சு வறண்டு, ரொம்ப நாள் விட்டா பாகற்காய் தோலாட்டம் முண்டு முண்டா ஆயிரும். (ஊர்ல எல்லாரும் யானைக்கால், கொசு கடிச்சதுன்னு சொல்வாங்க. நம்ம நாட்டுல கொசுவால வர்ற ஃபைலேரியா பெரும்பாலும் முட்டிக்கு கீழதான் வீங்கும், அம்மாவோடது தொடையிலேருந்து வந்தது, கதையே வேற.)

ஆக வீங்குன காலுக்குள்ள தண்ணி, நாரு, கொழுப்புன்னு மூணு சரக்கு இருக்கு, மூணும் ஒரே வேகத்துல போகாது, எல்லாரும் குழம்புறது இங்கதான். தண்ணி மொதல்ல போகும், பேண்டேஜ் கட்டுன மொத ரெண்டு வாரத்துலதான் டேப் வச்சா அளவு கடகடன்னு குறையும், அந்த நாள்ல சிலருக்கு ஒண்ணுக்கு கூட அடிக்கடி போகும். வருஷக்கணக்கா இழுபட்டு கெடந்த தோலுக்கு உள்ள இருந்த தண்ணி திடீர்னு போனா அது சுருங்கி தொங்கத்தான் செய்யும், அமுக்கம் தொடர்ந்து இருந்தா மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா ஒட்டும், முழுசா பழையபடி ஆகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

குழி விழுறது இன்னும் நல்ல சேதி. கெட்டியா இருந்த எடம் இளகுனாத்தான் விரல் உள்ள போகும். வீட்டுல நீங்களே பாக்கலாம், பெருவிரல வச்சு மெதுவா ஒரு நிமிஷம் வரைக்கும் அமுக்கி எடுத்தா பள்ளம் நின்னா அங்க இன்னும் வெளியேத்துற தண்ணி இருக்குன்னு அர்த்தம், அதனால பேண்டேஜ் இன்னும் கொஞ்ச நாள் தொடரணும். நான் பேஷண்டுங்ககிட்ட டேப்ப விட விரல நம்புங்கன்னுதான் சொல்வேன், அளவு குறையாத வாரத்துல கூட தோலு இளகிக்கிட்டு இருக்கும், டேப்புல அது தெரியாது.

கணுக்கால் கட்டிதான் நாரு. அது வாரத்துல போகாது, மாசக்கணக்கு. பேண்டேஜுக்கு உள்ள அந்த எடத்துல மட்டும் சின்ன சின்னதா வெட்டுன ஃபோம் பேட் வச்சு கட்ட சொல்லி பிசியோகிட்ட கேளுங்க, நடக்க நடக்க அது உள்ள பிசைஞ்சு குடுக்கும். கொழுப்பு இருக்கே, அது எந்த பேண்டேஜுக்கும் அசையாது. தண்ணி எல்லாம் போயி, குழியே விழாம, அப்பவும் காலு பெருசா இருந்தா அது கொழுப்பு, அத உறிஞ்சி எடுக்க லைப்போசக்‌ஷன் பண்றாங்க, பண்ணுனாலும் ஆயுசுக்கும் அமுக்கம் குடுக்குற ஸ்டாக்கிங் போடணும். தண்ணி மாத்திரை வாங்கி குடுக்கலாமான்னு நெறைய பேர் கேக்குறாங்க, இதுக்கு அது பிரயோஜனம் இல்ல, தண்ணி போனாலும் புரதம் அங்கயேதான் நிக்கும், திரும்ப தண்ணிய இழுக்கும். (பிரஷருக்கோ இருதயத்துக்கோ டாக்டர் குடுத்ததா இருந்தா அத நீங்களா நிறுத்திடாதீங்க.)

செதில் உதிர்றது தடிச்ச மேல்தோல் கழண்டு வர்றது. நகத்தால பிய்க்காதீங்க, அந்தப் புண்ணுதான் கிருமிக்கு வாசல். யூரியா கிரீம் ராத்திரில தடவுங்க, காலைல தடவிட்டு உடனே ஸ்டாக்கிங் போட்டா ஏறவும் ஏறாது, துணியும் கெட்டுரும். முண்டு முண்டா இருக்குறது சிலருக்கு நாளாவட்டத்துல தட்டையாகும். பழுப்பு நிறக் கறை இருந்தா அது பெரும்பாலும் தங்கிரும், ரெண்டாவது கால்விரல் ஆரம்பிக்கிற எடத்துல மேல்பக்கத் தோல கிள்ளி தூக்க முடியாம இருக்குறதும் காலு நல்லா இளைச்ச பிறகும் அப்படியே இருக்கலாம், அத வச்சு ட்ரீட்மெண்ட் தோத்துருச்சுன்னு நெனைக்காதீங்க.

நம்ம ஊரு வேர்வையில நான் ரொம்ப பயப்படுறது கால்விரல் இடுக்குல வர்ற படைதான். வெள்ளையா ஊறி வெடிச்சிருக்கும், அரிக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க, அது வழியா கிருமி ஏறி ஒரு ராத்திரில காலு செவந்து கொதிச்சு நடுக்கத்தோட காய்ச்சல் வந்துரும். ஒவ்வொரு தடவை அப்படி வரும்போதும் மிச்சம் இருக்குற நிணநீர் குழாயும் கெடுது, தோலு இன்னும் கெட்டியாகுது, மூணு வாரம் கட்டி வாங்குனது மூணு நாள்ல போயிரும். அதனால தினமும் குளிச்சதும் இடுக்க ஒத்தி ஒத்தி துடைங்க, தொங்குற மடிப்புக்கு உள்ளயும்தான். அப்படி செவந்து காய்ச்சல் வந்தா பேண்டேஜ கழட்டிட்டு உடனே ஆஸ்பத்திரி, அன்னைக்கே ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கணும்.

அக்கா சொன்ன உருவல் வேணாம் தங்கச்சி. நாங்க பண்ற நிணநீர் மசாஜ் தோல லேசா நகத்துறது, பூனைய தடவுற மாதிரி, அழுத்தி உருவுனா கெட்டுப்போன குழாய் இன்னும் கெடும். மின்யாக் ஆங்கின் அந்தத் தோலுக்கு எரிச்சல்தான் குடுக்கும்.

அடுத்து ஸ்டாக்கிங். காலு இனிமே இளைக்கலைன்னு ஆன பிறகு அளவெடுங்க, இப்பவே வாங்குனா ரெண்டு வாரத்துல லூசாயிரும், காசு தண்டம். தோலு மடிப்பு இருக்குறதால தட்டைப் பின்னல்ல தச்சு வர்றதுதான் நல்லது, விலை கூடத்தான், ஆனா மடிப்புக்குள்ள வெட்டாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும். பார்மசில விக்கிற கிரேப் பேண்டேஜ வாங்கி வீட்டுல சுத்துறது இதுக்கு பதில் இல்ல. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருந்தா ரத்த ஓட்டம் பாத்தாங்களான்னு கேட்டுக்குங்க, கட்டுன பிறகு விரல் நீலமாயி மரத்துப்போனா உடனே அவுத்துருங்க. இளைச்ச காலு காரணமே இல்லாம திடீர்னு வலியோட வீங்குனா, இல்ல தொடை இடுக்குல புதுசா கட்டி தெரிஞ்சா, மசாஜ் எல்லாம் தள்ளி வச்சிட்டு புற்றுநோய் டாக்டர பாருங்க, ரத்தக்கட்டியோ நோய் திரும்புறதோ இல்லன்னு பாத்துக்கணும்.

கடைசியா தைப்பூசம் கேட்டிருந்தீங்க, அம்மா ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு செருப்பில்லாம பால்குடம் எடுக்குறதா வேண்டிக்கிட்டிருக்காங்கன்னு. பால்குடம் எடுக்கட்டும், ஸ்டாக்கிங்கோட நடக்குறது காலுக்கு நல்லதே. வெறும் பாதம் மட்டும் வேணாம், தார் ரோட்டு சூட்டுல ஒரு கொப்புளம் போதும். ஸ்டாக்கிங் மேல தடிச்ச காட்டன் சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டு விடுங்க, இன்னொரு ஜோடி பைல இருக்கட்டும், நனைஞ்சா மாத்தணும்.