பிரஷ் சரி, பதம் சரியா?

ஸ்கேல் மாடல்களுக்கு (நிஜ வாகனங்களின் சிறு அளவு மாதிரிகளுக்கு) ஏர்பிரஷ்ஷால், அதாவது காற்றழுத்தத்தால், பெயின்ட் அடிப்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: கைப் பிரஷ்ஷிலிருந்து ஏர்பிரஷ்ஷுக்கு மாற ஆசை. கம்ப்ரஸர் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கார் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதையே மாட்டினால் ஆகாதா? (மதுரை வாசகர்)

பதில்: ஆகாது. டயர் பம்ப் காற்றை விட்டு விட்டுத் தள்ளும். அந்தத் துடிப்பு நீங்கள் அடிக்கும் கோட்டில் அப்படியே தெரியும். தொடர்ந்து ஓட விட்டால் சூடேறிவிடும், இரைச்சலும் தாங்காது. மீன் தொட்டி பம்ப்பைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். அதில் தேவையான அழுத்தமே வராது.

மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ஏர்பிரஷ்ஷில் பிடியுங்கள், கம்ப்ரஸரில் பிடிக்காதீர்கள். 3 லிட்டர் டேங்க், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் மாய்ஸ்சர் டிராப் மூன்றும் உள்ள எண்ணெய் போடாத சிறிய பிஸ்டன் கம்ப்ரஸர் போதும். பெரும்பாலானவை 57 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வாக்கில் தானே நின்று, 43-க்கு இறங்கியதும் மறுபடி ஓடத் தொடங்கும். டேங்க் இருப்பதால் காற்று சீராக வரும். ஏர்பிரஷ் டூயல் ஆக்‌ஷனாக (டிரிக்கரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட்), மேலே கப் வைத்ததாக, 0.3 மி.மீ. நாஸில் (பெயின்ட் வெளிவரும் முனைத் துளை) உள்ளதாக இருக்கட்டும். 0.2-ஐ ஆசைப்பட்டு முதலில் வாங்கினால் பெயின்ட் அடிப்பதைவிட அடைப்பு எடுப்பதுதான் வேலையாக இருக்கும். ஹோஸ் முனையின் மரை ஏர்பிரஷ்ஷோடு பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். பல பிராண்டுகளில் ஒரே 1/8 அங்குல மரை. பேட்ஜர், பாஷே இரண்டுக்கும் தனி அடாப்டர் வேண்டும்.

கேள்வி: எங்கே பார்த்தாலும் ‘பால் பதத்துக்குக் கலக்குங்கள்’ என்கிறார்கள். எந்தப் பால் ஐயா, ஆவின் நீல பாக்கெட்டா, ஆரஞ்சு பாக்கெட்டா? என்னிடம் டாமியா அக்ரிலிக்கும் வலேஹோவும் இருக்கின்றன. (திருச்சி வாசகர்)

பதில்: நீலம்தான், அதிலும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தது! ஆனால் பாலை நம்பாமல் கிண்ணத்தை நம்புங்கள். கலந்த பெயின்ட்டைப் பிரஷ் நுனியால் கலவைக் கிண்ணத்தின் பக்கச் சுவரில் ஏற்றி விடுங்கள். மெல்லிய படலத்தை விட்டுவிட்டு நிதானமாக வழிந்து, அடியிலுள்ள சுவர் மங்கலாகத் தெரிந்தால் பதம் சரி. சுவரே தெரியாமல் அப்பிக்கொண்டால் கெட்டி. நிறமே ஒட்டாமல் ஓடிவிட்டால் நீர்த்துவிட்டது.

அளவு பெயின்ட்டுக்குப் பெயின்ட் மாறும். டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைக்கு அவர்களுடைய எக்ஸ்-20ஏ தின்னரைச் சரிபாதி ஊற்றித் தொடங்குங்கள். வெயில் நாளில் பெயின்ட் 2, தின்னர் 3 வரை போகலாம். அதே பெயின்ட்டை மிஸ்டர் லெவலிங் தின்னரில் கரைத்தால் மெதுவாகக் காயும், பரப்பும் வழவழப்பாக வரும். நம் ஊர் வெக்கைக்கு அதுதான் எங்கள் தேர்வு. மிஸ்டர் கலர் லாக்கருக்கு (நீரில் கரையாத, வேகமாகக் காயும் பெயின்ட்) 1-க்கு 2 தின்னர். அழுத்தம் 15 பிஎஸ்ஐ. டிரிக்கரை அழுத்திக் காற்று போய்க்கொண்டிருக்கும்போது மீட்டர் காட்டும் எண்தான் கணக்கு. சும்மா இருக்கும்போது அது கூடுதலாகவே காட்டும்.

வலேஹோவின் கதை வேறு. அது நீரில் கரையும் பெயின்ட். அதில் எக்ஸ்-20ஏ, ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), லாக்கர் தின்னர் எதையும் விட்டுவிடாதீர்கள். கட்டி கட்டியாகத் திரிந்து நாஸிலை அடைத்துவிடும். அதற்கு அவர்களுடைய தின்னர்தான். மாடல் ஏர் வகைக்கு 10 சொட்டுக்கு 2 சொட்டு போதும். மாடல் கலர் கெட்டி, சரிபாதியில் தொடங்கி 18–20 பிஎஸ்ஐயில் அடியுங்கள். பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாமல் அடித்தால் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வந்துவிடும்.

கலப்பதைத் தனிக் கிண்ணத்தில் செய்யுங்கள். ஏர்பிரஷ் கப்பிலேயே கலந்தால், கரையாத கெட்டிப் பெயின்ட் முதலில் நாஸிலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு லாக்கர் அடிக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: என்95 தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ‘ஆர்கானிக் வேப்பர்’ என்று குறித்த கார்ட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும். ஜன்னல் வழியாக ஆவியை வெளியே தள்ளும் ஃபேனும் வேண்டும். பக்கத்தில் அடுப்பு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது.

கேள்வி: கப்பில் குமிழி கொதிக்கிறது. பெயின்ட் துப்பித் துப்பி வருகிறது. ஏர்பிரஷ் போய்விட்டதா? (நெல்லை வாசகர்)

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. முன்னால் போக வேண்டிய காற்று பெயின்ட் வழியில் புகுந்து பின்னால் வருகிறது, அவ்வளவுதான். முதலில் நாஸில் மூடியை விரலால் இறுக்கிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் நாஸிலில் காய்ந்த பெயின்ட் அடைத்திருக்கும். கழற்றித் தின்னரில் ஊற வையுங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் நாஸில் வாய் விரிந்திருக்கும் அல்லது கீறல் விட்டிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும், புதிது மாட்டுவதுதான் வழி. மரையுள்ள சின்ன நாஸிலை ஸ்பேனரால் ஓங்கித் திருகினாலும், ஊசியை அழுத்திச் செருகினாலும் இந்தக் கதிதான். ஊசியை மெதுவாகத் தள்ளி, தட்டியவுடன் நிறுத்திவிட வேண்டும்.

குமிழி இல்லாமல் துப்பல் மட்டும் என்றால் ஊசி நுனியில் பெயின்ட் காய்ந்து நிற்கிறது. வலேஹோவில் இது சகஜம். தின்னரில் நனைத்த காட்டன் பட்ஸால் நுனியை அவ்வப்போது துடையுங்கள், கலவையில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டு விடுங்கள். டிரிக்கர் பழக்கத்தையும் பாருங்கள்: காற்று முதலில், பெயின்ட் பிறகு, நிறுத்தும்போது பெயின்ட்டை நிறுத்திவிட்டுக் காற்று. மாறிப்போனால் நுனியில் நிற்கும் சொட்டு அடுத்த அழுத்தலில் மாடல்மேல்தான் போய் விழும்.

ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரை உலோகப் பாகங்களைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டில் கலந்தால் பிளாஸ்டிக்கையே அரிக்கக்கூடும். முழு ஏர்பிரஷ்ஷையும் அதில் முக்கி வைத்தால் உள்ளேயிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப்போகும்.

கேள்வி: மழை நாளில் லாக்கர் அடித்தேன். பளபளக்க வேண்டிய கறுப்பு, சாம்பல் பூத்தமாதிரி வெளுத்துவிட்டது. (சென்னை வாசகர்)

பதில்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. லெவலிங் தின்னரை மட்டும் மிக லேசாக மேலே ஊதினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வேலை முடிந்ததும் டேங்க் அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். மாய்ஸ்சர் டிராப்பை மட்டும் நம்பினால் ஒருநாள் பெயின்ட்டோடு நீர்த்துளியும் வந்து விழும்.

கேள்வி: 1/72 அளவில் மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109 ஜி-6 ஜெர்மன் போர் விமானம் செய்கிறேன். பக்கவாட்டில் உள்ள திட்டுத் திட்டான புள்ளிகள் எனக்கு மட்டும் பெரிய வட்டங்களாக, சுற்றிலும் சிலந்திக் கால்களோடு வருகின்றன. (ஈரோடு வாசகர்)

பதில்: அளவைக் கணக்குப் போடுங்கள். நிஜ விமானத்தில் 30 செ.மீ. அகலமுள்ள திட்டு, உங்கள் மாடலில் 4 மி.மீ.தான் வரும், மிஞ்சினால் ஒரு இழை கூடும். 15 பிஎஸ்ஐயில் அதை அடிக்க முடியாது. சிலந்திக் கால் என்பது நீர்த்த பெயின்ட்டைக் காற்று பக்கவாட்டில் விரட்டுவது. பெயின்ட் 1, லெவலிங் தின்னர் 2 முதல் 3; அழுத்தம் 8–12 பிஎஸ்ஐ; தூரம் 1 முதல் 1.5 செ.மீ. வால் முனையில் ஸ்டாப்பர் திருகு இருந்தால், டிரிக்கர் ஒரு மயிரிழைக்கு மேல் பின்னால் வராதபடி அதைத் திருகி வையுங்கள். ஒரே அடியில் நிறம் தெரிய வேண்டும் என்று நிற்காதீர்கள். ஒரு திட்டுக்கு மூன்று நான்கு தடவை தொட்டுத் தொட்டு ஏற்றுங்கள்.

மிஸ்டர் கலரில் அடிநிறம் ஆர்எல்எம் (அன்றைய ஜெர்மன் விமான அமைச்சகத்தின் நிற எண்) 76-க்கு சி117. மேலே 74-க்கு சி36, 75-க்கு சி37, 02-க்கு சி60. முதலில் 75, அதன்மேல் 74-ஐக் குறைவாக, 02-ஐ அங்கங்கே. பழைய இறக்கை ஒன்றில் பழகிவிட்டு மாடலைத் தொடுங்கள். திட்டு மிஞ்சிப்போனால் சுரண்ட வேண்டாம். சி117-ஐ 1-க்கு 4 நீர்த்து மேலே புகையாக ஊதுங்கள், அடங்கிவிடும்.